சட்டத்தறியில் படம் நெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலைந்து பேர் ஆளுக்கொரு மரச்சட்டத்தை மடியில் சாய்த்துக்கொண்டு உட்காருவோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், கேட்பார்கள். போனில் கேட்கிறவர்கள் உண்டு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடக் கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் அதே இருபத்திரண்டு சந்தேகம்தான். நோட்டில் குறித்து வந்ததை இங்கே எடுத்து வைக்கிறேன். கேள்விகளை அவரவர் பேசியபடியே விட்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் வாங்காதவர்களுக்கானது முதலில். பாதி நெய்து மாட்டிக்கொண்டவர்கள் நேராக 9-க்குப் போய்விடலாம். பாதி வியாதிக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது.

1. டேப்பஸ்ட்ரின்னா ஆன்லைன்ல விக்கிறாங்களே சுவர்ல மாட்டுற துணி, அதுதானேக்கா?

அது அச்சடித்த துணி. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நம் பக்கத்துக் கருப்பூர் கலம்காரியில் துணி முதலில், படம் பிறகு. 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த வேலை வரைவது, நெய்வது இல்லை. கோயிலிலும் தேரிலும் தொங்குகிற தொம்பையில் துணியை வெட்டித் தைக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டுக்காரர்கள் செய்த, ஏறக்குறைய 70 மீட்டர் நீளத் துணி ஒன்று பிரான்சின் பேயூ நகரத்துப் பெயரோடு டேப்பஸ்ட்ரி என்றே உலகம் முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறது. அதுவும் ஊசியால் போட்ட எம்பிராய்டரிதான்.

அசல் டேப்பஸ்ட்ரியில், அதாவது நாம் செய்வதில், துணியும் படமும் ஒரே நேரத்தில் உண்டாகின்றன. சேலைத் தறியில் ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஓடும். இதில் ஒவ்வொரு நிறத்து ஊடையும் தன் இடத்துக்குள்ளேயே போய்ப் போய்த் திரும்பும். பச்சை வயலுக்குள் பச்சை மட்டும், வானத்துக்குள் நீலம் மட்டும். பாவு, அதாவது நெடுக்கு நூல், கண்ணில் படவே படாது. பவானி ஜமுக்காளத்தைப் புரட்டிப் பாருங்கள், பாவு நூல் வெளியே தெரியாமல் தடித்த ஊடை மூடியிருக்கும். அதே குணம்தான். காஷ்மீரத்துக் கனி சால்வையும் மகாராஷ்டிரத்துப் பைத்தானி முந்தானையும் இந்த முறைக்கு நெருங்கிய சொந்தம்.

2. எங்க வீட்ல யாருக்கும் நெசவு பழக்கம் கிடையாது. வருமா?

வரும். ஒன்று மேல், ஒன்று கீழ் என்று விரல் போகத் தெரிந்தால் போதும். கூடை முடைந்தவர்கள், கிரோஷா போட்டவர்கள் கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கிறார்கள், அவ்வளவே.

3. தறி எங்க கிடைக்கும்? பெருசா இடம் வேணுமா?

தறி என்றதும் குழி, மிதி, அச்சு என்று நினைக்க வேண்டாம். 16-க்கு 20 அங்குலத்தில் நாலு ரீப்பர் கட்டையை மூலை சேர்த்து அடித்துத் தரச் சொல்லுங்கள். எந்த ஆசாரியும் அரை மணியில் முடித்துவிடுவார். என் முதல் தறி, கண்ணாடி போன ஒரு ஜன்னல் சட்டம். எதுவானாலும் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கால் அங்குலம் பிசகினால் துணியும் சாய்ந்தே வரும்.

ஆணி: முதல் துண்டுக்கு 8 அங்குல அகலம் போதும். அங்குலத்துக்கு 3 வீதம், மேல் கட்டையில் 24, கீழ்க் கட்டையில் 25. மேல் ஆணி கீழ் ஆணிகளின் நடுவே வருகிற மாதிரி அடிக்க வேண்டும். ஒரே கோட்டில் வரிசையாக அடித்தால் கட்டை பிளந்துவிடும். ஒன்று விட்டு ஒன்று கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, வாய்க்கால் கரையில் நாற்று ஊன்றுகிற மாதிரி தள்ளித் தள்ளி அடியுங்கள். தலை லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் நூல் வழுக்கி வராது.

4. பாவுக்கு எந்த நூல்? நைலான் கெட்டியா இருக்குமே?

கெட்டிதான், ஆனால் வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டில் டேப்பஸ்ட்ரிப் பாவுக்குப் பெயர்போன நூல், பருத்தியில் முறுக்கிய மீன்வலை நூல்தான். அதை நம்பி நாகப்பட்டினத்தில் வலைச் சாமான் கடையில் போய் நின்றேன். எடுத்துப் போட்டதெல்லாம் நைலான். ஒரு கண்டு வாங்கி நெய்தும் பார்த்தேன். தறியில் இருக்கிறவரை ஒழுங்காக இருந்தது. இழுத்துக் கட்டினால் நீளும், விட்டால் திரும்பச் சுருங்கும் நூல் அது. வெட்டி எடுத்ததும் துணி அப்பளம் பொரிகிற மாதிரி சுருண்டுகொண்டது.

மூன்று புரி முறுக்கிய பருத்தி ட்வைன் நூல், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அதுதான் வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம். ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் இழுங்கள், நீளக் கூடாது. நகத்தால் பத்துத் தடவை உரசுங்கள், பஞ்சு பிரியக் கூடாது. ஒற்றைப் புரி மேக்ரமே நூல் இந்த இரண்டாவது பரீட்சையில் தோற்கும்.

5. ஊடைக்கு உல்லன் போதுமா? பழைய சேலையக் கிழிச்சுப் போடலாமா?

பழகுவதற்கு ஃபேன்சி ஸ்டோர் உல்லனே போதும். அது பெரும்பாலும் அக்ரிலிக், ஆட்டு ரோமம் இல்லை. நம் ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் அதுவே ஒரு விதத்தில் சௌகரியம். எத்தனை இழை சேர்ப்பது என்பதற்குக் கணக்கு வேண்டாம். ஊடையை இரண்டு பாவு இழைகளுக்கு நடுவே நிறுத்திப் பாருங்கள். அந்த இடைவெளியை நெருக்காமல் நிரப்பினால் சரி. மெலிசாக இருந்தால் இன்னொரு இழை சேருங்கள்.

பருத்திச் சேலைக் கிழிசல் அழகாக வரும், கால் அங்குலப் பட்டையாகக் கிழித்தால். ஆனால் முதல் துண்டுக்கு அது வேண்டாம், கனம் ஒரு சீராக இருக்காது. இரண்டாவதில் போடுங்கள். சாயம் போகிற சிவப்பு, கருநீலத்தை மட்டும் முதல் நாளே ஈர வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

6. பாவு எவ்வளவு நூல் ஆகும்? எவ்வளவு இறுக்கமா கட்டணும்?

கீழே முதல் ஆணியில் முடிச்சு, மேலே முதல் ஆணி, கீழே இரண்டாவது என்று வளைத்துக்கொண்டே போனால் மேல் ஆணி ஒவ்வொன்றும் இரண்டு இழை தரும். 24 ஆணிக்கு 48 இழை, அங்குலத்துக்கு 6. மேலிருந்து கீழ் 18 அங்குலம் என்றால் 864 அங்குலம், அதாவது 72 அடி. முடிச்சுக்கும் சேர்த்து 25 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுக்கத்தைவிட முக்கியம், எல்லா இழையும் ஒன்றுபோல் இருப்பது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைப் பாவின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். தொய்ந்த இழை கைக்கு உடனே தெரிந்துவிடும். கடைசி இழைகளை இழுக்கிறபோது சட்டம் ஒரு மயிரிழை உள்ளே வளையும், அதனால் முதலில் கட்டினவை தளர்ந்துவிடும். ஆகவே முதல் ஆணியிலிருந்து ஆரம்பித்து நூலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே இரண்டாம் சுற்று வாருங்கள். மிச்சம் சேரும் நூலைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள், ஒரு சாண் வரும்.

7. மிதி, விழுது ஒண்ணுமில்லாம இழை எப்படிப் பிரியும்?

பள்ளிக்கூட மர ஸ்கேல். ஒன்று விட்டு ஒரு இழைக்கு அடியில் அதை நுழைத்து மேலே தள்ளி வைத்துவிடுங்கள். செங்குத்தாகத் திருப்பினால் பாவு வாய் திறக்கும், ஊடை ஒரே வீச்சில் போகும். திரும்பி வருகிறபோது ஸ்கேலைப் படுக்க வைத்துவிட்டு, மற்ற இழைகளை விரலால் நாலு நாலாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இழைகளைத் தூக்குகிற நூல் வளையம்தான் விழுது, அதைக் கட்டினால் வேகம் கூடும். ஆனால் நிறம் இரண்டு விரல் அகலத்துக்குள் மாறுகிற படத்தில் எப்படியும் விரல்தான் வேலை செய்யும்.

ஊடையைக் கண்டாக வைத்துக்கொள்ளாதீர்கள், உருண்டு ஓடும். கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் எட்டு போலச் சுற்றி நடுவில் ஒரு கட்டுப் போட்டால் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சின்னக் கட்டு கிடைக்கும். தட்டி இறக்க முள்கரண்டி போதும். பேன் சீப்பு உதவாது, பல் நெருக்கம்.

8. எடுத்தவுடனே படம் போட ஆசையா இருக்கு. போடலாமா?

அரை அங்குலம் மட்டும் பொறுங்கள். அதைப் பாவு நூலாலேயே நெய்ய வேண்டும். அது அடிக்கரை, இழைகளைச் சரியான இடைவெளிக்குக் கொண்டுவரும், கடைசியில் முடிச்சுக்குப் பிடிமானம் தரும். அதற்கு மேல் இரண்டு அங்குலம் வெறும் கோடு. பிறகு உங்கள் இஷ்டம்.

9. மேல போகப் போக ஓரம் உள்ள இழுத்துக்குது. எட்டு அங்குலத்துல ஆரம்பிச்சேன், இப்ப ஆறரைதான் இருக்கு!

எல்லாருக்கும் நடக்கும். என் முதல் துண்டு, அடியில் 8 அங்குலம், உச்சியில் 5. கோபுரம் நெய்தாயா என்று கேட்டார்கள், நான் நெய்தது பரிசல். எங்கள் தெருவில் நாற்பது வருஷம் பட்டுத்தறி ஓட்டின பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: “ஊடைய இழுக்காதம்மா. படுக்க வை.” ஓரம் வளையமாகத் தொங்கினால் அசிங்கம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நான் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தைப் பாயில் பார்க்கலாம். கோரைப்பாயில் கோரை விறைப்பாக நேராகக் கிடக்கும், பாவு நூல்தான் அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். டேப்பஸ்ட்ரி அப்படியே தலைகீழ். பாவு விறைப்பாக நிற்கும், ஊடைதான் ஒவ்வொரு இழையையும் சுற்றி முன்னும் பின்னும் வளைய வேண்டும். வளைந்து போகிறவனுக்கு வழி நீளம். 8 அங்குல அகலத்துக்கு 8 அங்குல நூலை நேராக வைத்துத் தட்டினால் வளைவதற்கு வேண்டிய மிச்ச நூலை அது எங்கிருந்து எடுக்கும்? ஓரத்து இழையைப் பிடித்து உள்ளே இழுத்துத்தான்.

ஆகவே ஊடையை வில் மாதிரி மேல்நோக்கி வளைத்து வையுங்கள். 8 அங்குலத்துக்கு ஒரே வில் போதாது. நடுவில் விரலால் மூன்று இடத்தில் அழுத்தினால் நாலு சின்ன மேடாக ஆகும். பிறகு முள்கரண்டியால் தட்டி இறக்குங்கள். ஓரத்து இழையை நூல் தொட்டுக்கொண்டு திரும்ப வேண்டும், கட்டிப் பிடித்துக்கொண்டு இல்லை. இரண்டு அங்குலத்துக்கு ஒரு தடவை ஸ்கேல் வைத்து அகலத்தை அளங்கள். கால் அங்குலம் குறைந்திருந்தால் வில்லைக் கூட்டினால் போதும். அரை அங்குலம் போயிருந்தால் அந்த இரண்டு அங்குலத்தைப் பிரித்துவிடுங்கள். மேலே நெய்து சரிக்கட்டலாம் என்று நினைத்தவர்கள் யாரும் சரிக்கட்டியதில்லை.

10. ஊடைக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா பாவு தெரியுது. தட்டுறது பத்தலையா?

தட்டுவது மூன்றாவது சந்தேகமாக இருக்கட்டும். முதலில் வில், 9-ஐப் பாருங்கள். நேராக இழுபட்ட ஊடையை எவ்வளவு தட்டினாலும் இறங்காது. அடுத்தது கனம், 5-ல் சொன்னபடி இடைவெளியில் நிறுத்திப் பாருங்கள். தடித்த ஊடை இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். இரண்டும் சரி என்றால் கையை முறுக்கித் தட்டுங்கள்.

துணி மேடு மேடாகப் பொங்கினால் எதிர் வியாதி, வில் அதிகம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 9-ஐப் படித்துவிட்டு வந்தவர்கள்தான் இந்தப் புகாரோடு வருகிறார்கள்.

11. நூல் தீர்ந்தா முடிச்சு போட்டுக்கலாம்ல?

வேண்டாம். முடிச்சு ஒரு பட்டாணி மாதிரி அங்கேயே நிற்கும். பழைய நுனி முடிகிற இடத்தில் புது நுனியை அதே வாயில் இரண்டு மூன்று இழை தூரம் மேல் மேலாகப் போட்டுவிட்டு, இரண்டு வால்களையும் பின்பக்கம் தள்ளிவிடுங்கள். தட்டினால் ஊடையின் நெருக்கமே பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் இதைச் செய்யாதீர்கள், நாலு இழை உள்ளே தள்ளிச் செய்யுங்கள்.

12. ரெண்டு கலர் பக்கத்துல பக்கத்துல வர்ற இடத்துல பிளேடு வெச்சுக் கீறின மாதிரி ஓட்டை வருதே?

அது தப்பில்லை. பச்சை ஒரு இழையில் திரும்புகிறது, நீலம் அடுத்த இழையில் திரும்புகிறது. இருவரும் தொட்டுக்கொள்ளவே இல்லை, ஆகவே பிளவு. அரை அங்குலம்வரை அப்படியே விடலாம், கோடு கத்தி மாதிரி வரும். நீளமாக இருந்தால் முடித்த பிறகு பின்பக்கம் ஊசியால் தைக்கலாம்.

நெய்கிறபோதே மூடவும் வழி உண்டு. ஒன்று, இரண்டு நிறமும் ஒரே பாவு இழையை மாறி மாறிச் சுற்றித் திரும்புவது. எல்லைக்கோடு பல்லுப் பல்லாக வரும், அந்த இழையில் தடிப்பும் ஏறும். இன்னொன்று, இரண்டு ஊடையும் இழைகளுக்கு நடுவே ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்புவது. பட்டுச் சேலையில் உடலையும் கரையையும் சேர்க்கிற கோர்வைக்கு இதுதான் உயிர், ஆகவே நம் ஊருக்குப் புதிதில்லை. எனக்குப் பிடித்தது பிளவை அப்படியே விடுவது. வெயில் சாய்ந்து விழுகிறபோது அந்தக் கீறலில் மெல்லிய நிழல் நிற்கும், வேறெந்த முறையிலும் அது கிடைக்காது.

13. தென்னை மரம் போட்டேன். தண்டு முழுக்க ஒரே ஓட்டையா போச்சு.

12-ல் சொன்ன பிளவுதான், நீளமாகப் போய்விட்டது. படத்தைச் சாய்த்துப் படுக்க வைத்து நெய்யுங்கள். தண்டு குறுக்குக் கோடாகிவிடும், பிளவே வராது. முடித்தபின் நிமிர்த்தி மாட்டினால் மரம் நிமிர்ந்து நிற்கும். ஐரோப்பாவின் பெரிய பழைய டேப்பஸ்ட்ரிகள் நிறைய இப்படிப் படுக்கையில் நெய்தவைதான். கோயில் கோபுரத்துக்கு எதிர்க்கணக்கு, அதில் நிலைநிலையாகக் குறுக்குக் கோடுதான் அதிகம், நேராகவே நெய்யலாம். பென்சில் படத்தில் நெடுக்குக் கோடு அதிகமா குறுக்குக் கோடு அதிகமா என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

14. படத்தைப் பாவு மேல வரையணுமா? முன்பக்கம் நெய்யறதா, பின்பக்கமா?

காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தடித்து வரைந்து பாவுக்குப் பின்னால் குத்திவையுங்கள். இழைகளின் வழியே தெரியும். முக்கியக் கோடுகளை மட்டும் பாவின் மேல் புள்ளி வைத்தால் போதும். நாம் முன்பக்கம் பார்த்தே நெய்கிறோம், வால்கள் பின்னால் போகின்றன.

பின்பக்கமிருந்து நெய்கிற மரபும் உண்டு. பாரிசின் கோப்லான் பட்டறை 1662-ல் பதினான்காம் லூயி காலத்தில் அரச பட்டறையானது. அங்கே நிமிர்ந்து நிற்கிற நெட்டுத்தறியில் நெசவாளர் பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். மாதிரிப் படத்தைப் பாவுக்கு அடியில் வைத்துப் பின்பக்கமாக நெய்தால் படம் இடம் வலம் மாறும். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்காக ஓவியர் ரஃபேல் வரைந்த மாதிரிப் படங்கள், பிரசல்ஸில் பின்பக்கமாக நெய்யப்பட வேண்டியிருந்ததால், இடம் வலம் மாற்றியே வரையப்பட்டவை. எங்கள் திண்ணைப் பையன் ஒருவன் இதைக் கேள்விப்பட்டு, பின்பக்கமாகத் தன் பெயரை நெய்தான். காகிதத்தைத் திருப்பி வைக்க மறந்துவிட்டான். ‘ழ’ இருக்கிற பெயர். அதைப் பார்க்க வேண்டுமே.

15. சாய்வுக்கோடு, வளைவு எப்படி வரும்? படிக்கட்டு மாதிரி இருக்கு.

படிக்கட்டுதான். படியைச் சின்னதாக்கினால் கண்ணுக்குச் சரிவாகத் தெரியும். என் உல்லனில் தட்டிய பிறகு அங்குலத்துக்கு 24 ஓட்டம் நிற்கிறது. பாவோ அங்குலத்துக்கு 6. ஆகவே ஒரு இழை நகர 4 ஓட்டம், அதாவது இரண்டு தடவை போய்வந்தால், சரியாக 45 பாகை. செங்குத்தாக வேண்டுமா, அதே இழையில் மூன்று நாலு தடவை போய்வந்துவிட்டு நகருங்கள். படுத்த சரிவா, ஒரு தடவை போய்வந்ததும் இரண்டு மூன்று இழை நகர்ந்துவிடுங்கள். வட்டம் என்பது அடியில் படுத்த சரிவு, நடுவில் செங்குத்து, உச்சியில் மறுபடி படுத்தது. உங்கள் ஊடைக்கு அங்குலத்துக்கு எத்தனை ஓட்டம் என்பதை 8-ல் சொன்ன கோட்டுப் பகுதியிலேயே எண்ணிக்கொள்ளலாம்.

எதை முதலில் நெய்வது என்பதும் இதோடு ஒட்டியது. களத்தில் நெல் அம்பாரம் போல மேலே போகப் போகக் குறுகுகிற உருவத்தை முதலில் ஏற்றிவிடலாம், பக்கத்துப் பள்ளத்தைப் பிறகு நிரப்பலாம். மேலே அகலுகிற உருவம், பானையின் வயிறு மாதிரி, அந்தரத்தில் நிற்காது. அதற்கு அடியிலும் பக்கத்திலும் இருக்கிற நிறத்தை முதலில் ஏற்றுங்கள்.

16. ரெண்டு கலர் வரைக்கும் நல்லா வந்துச்சு. நடுவுல மூணாவதா ஒண்ணு சேர்த்ததும் இழை இடிக்குது. மேல போகவேண்டியது கீழ போகுது.

இதுதான் எல்லாரையும் ஒரு வாரம் உட்கார வைக்கிற கேள்வி. பக்கத்துப் பக்கத்து ஊடைகள் எதிர் எதிர்த் திசையில் ஓட வேண்டும். பச்சை வலப்பக்கம் போனால் நீலம் இடப்பக்கம். ஒன்றை நோக்கி ஒன்று வரும், பிறகு விலகும். அப்போதுதான் இருவருக்கும் ஒரே வாய் திறந்தால் போதும், எல்லையில் இழை இடிக்காது. ஒற்றையடி வரப்பில் எதிரெதிரே வருகிறவர்கள் மாதிரி, சந்தித்துவிட்டு அவரவர் வழியே திரும்ப வேண்டும்.

இப்போது எதிரெதிரே ஓடுகிற இருவருக்கு நடுவே மூன்றாமவர் ஒருவரை விட்டால் அவர் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரு பக்கத்து ஆளோடு ஒரே திசையாகிவிடும். தீர்வு மூன்று. நடுவே ஒன்றுக்குப் பதில் இரண்டு பட்டாம்பூச்சி விடலாம், ஒரே நிறமானாலும் பரவாயில்லை. அல்லது பக்கத்தில் இருக்கிற ஒன்றை வெட்டி அதன் மறு கோடியிலிருந்து ஆரம்பிக்கலாம். மூன்றாவது, புது நிறம் பச்சையின் நடுவிலேயே முளைக்கட்டும். பச்சை, மஞ்சள், மறுபடி புதுப் பச்சை என்று மூன்றானால் திசை தானாகச் சரியாகும். அந்தப் புதுப் பச்சைக்குப் பக்கத்தில் நீலம் இருக்கிறதே, அதற்கும் எதிர்த்திசைதான் கிடைக்கும். நிறம் சேர்ப்பதற்கு முன்னால் காகிதத்தில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள். நான் இன்றைக்கும் போடுகிறேன்.

17. ஆத்துத் தண்ணில வெயில் மின்னுமே, அது வருமா?

வரும், இந்த வேலையின் ருசியே அதில்தான். இரண்டு நிறம் சந்திக்கிற எல்லையை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்றுங்கள். ஒரு தடவை நீலம் நாலு இழை உள்ளே புகட்டும், அடுத்த தடவை பழுப்பு ஆறு இழை இந்தப் பக்கம் வரட்டும். இரண்டும் விரல் கோத்த மாதிரி கலந்து, தூரத்தில் மூன்றாவது நிறமாகத் தெரியும். ஆடிப்பெருக்குத் தண்ணீருக்கு நீலம் வைக்காதீர்கள். புதுப்புனல் செம்மண் கலந்த காப்பி நிறம். இரண்டு பழுப்பு, ஒரு சாம்பல், ஊடையில் ஒரு இழை மட்டும் மஞ்சள் சேர்த்துப் பாருங்கள்.

18. கோரை, வாழைநார் எல்லாம் இதுல போடலாமா? நம்ம ஊர்ச் சரக்காச்சே.

போடலாம், அளவாக. வாழைநாரைப் பூக்கட்டுகிறவர்கள் எப்படி நனைத்து வைத்துக்கொள்கிறார்களோ அப்படியே ஈரமாக வைத்து நெய்யுங்கள். காய்ந்தது மடிப்பில் ஒடியும். கோரைக்கு 9-ல் சொன்ன குணம்தான் இடைஞ்சல், அது வளையாது, பாவைத்தான் வளைக்கும். முழு அகலத்துக்கு இரண்டு மூன்று கோரையைக் கோடாக வைத்து, மேலும் கீழும் அரை அங்குலம் உல்லன் போட்டுப் பிடித்துவிட்டால் அறுவடை முடிந்த வயல் மாதிரி இருக்கும். முசிறிப் பக்கம் காவிரிப் படுகையில் விளைகிற கோரை மெலிசு, எனக்கு அதுதான் ஒத்துவந்தது.

19. ஐப்பசி மழையில வெச்சிருந்தேன், பாவு தொளதொளன்னு ஆயிடுச்சு.

கட்டையும் நூலும் ஈரத்தை வாங்கும், விடும். விறைப்பு மாறத்தான் செய்யும். மேல் கட்டைக்குப் பக்கத்தில் எல்லா இழைக்கும் அடியில் ஒரு பென்சிலையோ மூங்கில் குச்சியையோ நுழைத்துவிடுங்கள், தொய்வை அது எடுத்துக்கொள்ளும். மழை விட்டதும் உருவிவிடலாம். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஆட்டு ரோம நூல் வைத்திருப்பவர்கள் பட்டுச் சேலைக்குச் செய்வதுபோல வசம்பைத் துணியில் முடிந்து கூடவே போட்டுவையுங்கள்.

20. முடிச்சாச்சு. எப்படி எடுக்கிறது? அவுந்துடாதா?

மேலே மூன்று நாலு அங்குலம் எப்படியும் நெய்ய முடியாது, விரல் நுழையாது. அதைக் கணக்கில் வைத்தே படத்தை வரையுங்கள். 18 அங்குலப் பாவுக்கு 13 அங்குலப் படம் தாராளம். கடைசி அரை அங்குலம் மறுபடி பாவு நூல், 8-ல் சொன்னபடியே. பிறகு மேலே இரண்டிரண்டு இழையாக வெட்டி, வெட்டின உடனே துணியை ஒட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டே வாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட்டு டீ குடிக்கப் போனவர்களை நான் அறிவேன். கீழே ஆணியிலிருந்து வளையத்தைக் கழற்றி அதையும் முடியுங்கள். அடிக்கரைகளைப் பின்பக்கம் மடித்துத் தைத்து, மேல் மடிப்புக்குள் ஒரு மூங்கில் குச்சி விட்டால் மாட்டத் தயார்.

21. விக்கலாமாக்கா?

விற்கலாம், மிஷின் துணி விலையோடு போட்டி போட நினைக்காதவரை. 8-க்கு 13 அங்குலத் துண்டு எனக்கு இப்போதும் இருபது மணி நேரம் எடுக்கிறது. உங்கள் மணிக்கூலியைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையைக் கூச்சமில்லாமல் சொல்ல வந்தால் விற்கலாம். முதல் ஐந்து துண்டு அக்கா தங்கைகளுக்கு.

22. பாதில ஒரு பாவு இழை அறுந்துபோச்சு. அவ்ளோதானா?

இல்லை. எங்கள் திண்ணைக்கு வருகிற அணில் ஒன்று கூடு கட்ட உல்லன் திருடும். ஒரு நாள் ஊடையோடு பாவையும் சேர்த்துக் கடித்துவிட்டது, முக்கால்வாசி நெய்த துண்டில், சரியாக நடுவே. அன்றைக்குக் கற்றது இது.

அதே பாவு நூலில் ஒன்றரை அடி வெட்டி மொட்டை ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். அறுந்த இழை நெய்த பகுதிக்குள் போகிற வழியிலேயே ஊசியை மேலிருந்து கீழே இரண்டு அங்குலம் இறக்கி, பின்பக்கம் எடுத்துவிடுங்கள். ஊடையின் நெருக்கம் அதைப் பிடித்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் ஒரு குண்டூசியில் எட்டுப் போட்டுச் சுற்றுங்கள். மறு நுனியை மேல் ஆணியில் கட்டி, பக்கத்து இழைகளின் விறைப்புக்கு இழுங்கள். உள்ளங்கைச் சோதனை 6-ல் இருக்கிறது. அந்த ஆணியில் அறுந்ததன் ஜோடி இழையும் தளர்ந்திருக்கும், அதையும் அங்கேயே முடிந்துவிடுங்கள். அறுந்த பழைய நுனி பின்பக்கம் தொங்கட்டும், முடித்த பிறகு வெட்டலாம். நாலு ஓட்டம் நெய்ததும் எந்த இழை என்று எனக்கே தெரியவில்லை. உல்லனை இப்போது டப்பாவில் மூடி வைக்கிறேன். அணிலுக்கென்று பஞ்சு கொஞ்சம் தூணருகே தனியாக.